எரிமலைக்கு நாள்காட்டி உண்டா?

உழவர் கேள்வியும் பதிலும்

தை பிறந்துவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தில் நவரை நடவு மும்முரமாக நடக்க வேண்டிய நேரம் இது. வந்த கடிதங்களில் வழக்கம்போல் குருத்துப்பூச்சியும் துத்தநாகக் குறைபாடும் பற்றிய கேள்விகளே அதிகம். ஆனால் ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் பக்கத்திலிருந்து வந்த மூன்று கடிதங்கள் யாரும் எதிர்பாராத ஒரு பொருளைப் பற்றிக் கேட்கின்றன. அது எரிமலை.

படித்ததும் சிரிப்பு வரலாம். ஆனால் சிரித்து ஒதுக்க முடியாது. ஒரு வீட்டில் நடவு நின்றிருக்கிறது, மாட்டுக்கு விலை பேச்சும் நடக்கிறது. இன்னொரு வீட்டில் பணம் செலவாகியிருக்கிறது. மூன்றாவது இடத்தில் உயிரே போயிருக்கலாம். எனவே பூச்சி, நோய்க் கேள்விகளுக்கான பதில்கள் அடுத்த இதழில் வரும். இந்த இதழ் முழுவதும் எரிமலைக்கே.

கேள்வி 1: "நாற்றை நடலாமா, மாட்டை விற்றுவிடலாமா?"

திருநின்றவூருக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் உழவர் ஒருவர் எழுதியது:

"நவரைக்கு டி.கே.எம். 9 நாற்று விட்டு 17 நாள் ஆகிறது. மகனுடைய செல்போனுக்கு ஒரு தகவல் வந்தது. அந்தமான் எரிமலை 60 வருடத்துக்கு ஒருமுறை வெடிக்கும், இந்த மாசியோடு அந்தக் கணக்கு முடிகிறது, சாம்பல் சென்னை வரைக்கும் வந்து விழுந்து பயிர் கருகும் என்று அதில் இருக்கிறது. எங்கள் தெருவில் இரண்டு பேர் நடவை நிறுத்திவிட்டார்கள். கறவை மாடு இரண்டையும் இப்போதே விற்றுவிடலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள். என்ன செய்வது?"

முதலில் பதில், பிறகு விளக்கம். நடவை நிறுத்த வேண்டாம். மாட்டை விற்க வேண்டாம்.

குறுகிய கால நெல் ரகங்களுக்கு 18 முதல் 22 நாள் வயதுள்ள நாற்றுதான் நடவுக்கு ஏற்றது. நாற்றங்காலிலேயே முற்றிவிட்டால் நட்ட பிறகு தூர் கட்டுவது குறையும், கதிரும் சிறுக்கும். மாசியில் எரிமலை வருகிறதோ இல்லையோ, நடவைத் தள்ளிப்போட்டால் விளைச்சல் குறைவது உறுதி. பட்டம் தப்பினால் நட்டம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

அந்தமானில் எரிமலை இருப்பது உண்மைதான்

செல்போன் தகவலில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் ஊர் நம்பிவிட்டது. இந்தியாவில் இன்றும் சீறிக்கொண்டிருக்கும் ஒரே எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில் இருக்கிறது. குறுக்களவு சுமார் 3 கி.மீ. மட்டுமே உள்ள சிறிய தீவு. கடலுக்கு மேலே தெரியும் உயரம் 350 மீட்டர் அளவுதான். மலையின் பெரும்பகுதி கடலுக்கு அடியில் இருக்கிறது. மனிதர் யாரும் அங்கே வசிக்கவில்லை. எப்போதோ கப்பலில் வந்தவர்கள் விட்டுப்போன ஆடுகள் காட்டாடுகளாகப் பெருகி வாழ்ந்திருக்கின்றன.

இந்தத் தீவு எப்போதெல்லாம் சீறியது என்று பதிவு இருக்கிறது. முதல் பதிவு 1787. பிறகு 1789, 1795, 1803, 1852. அதன் பின் ஏறத்தாழ 140 ஆண்டுகள் உறக்கம். தீவு செத்துவிட்டது என்றே பலர் நினைத்திருந்தபோது 1991இல் விழித்துக்கொண்டு சுமார் ஆறு மாதம் சீறியது. பிறகு 1994, 2005. அதற்குப் பின் விட்டுவிட்டுப் புகைந்துகொண்டே இருக்கிறது. 2017 ஜனவரியில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் ஆய்வுக் கப்பலில் அருகே சென்றபோது பகலில் சாம்பல் புகையும், இருட்டிய பிறகு செந்நிறக் குழம்பு பீறிடுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. கடைசியாகப் பலரும் பேசியது 2025 செப்டம்பரில் நிகழ்ந்த லேசான சீற்றம்.

இப்போது இந்த 60 வருடக் கணக்கைச் சரிபார்க்கலாம். பதிவான ஆண்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளிகள் இவை: 2 ஆண்டு, 6 ஆண்டு, 8 ஆண்டு, 49 ஆண்டு, 139 ஆண்டு, 3 ஆண்டு, 11 ஆண்டு. இதில் 60 எங்கே இருக்கிறது? பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டு சுற்றும் நம் வருடக் கணக்கை யாரோ எரிமலைக்கும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

சரி, 60 வேண்டாம், சராசரி எடுக்கலாமே என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். 1787 முதல் 2005 வரை 218 ஆண்டுகள், ஏழு இடைவெளிகள். வகுத்தால் 31 ஆண்டு வருகிறது. ஆனால் 31 ஆண்டு இடைவெளி ஒருமுறைகூட வந்ததில்லை. சராசரி என்பது கணக்குப் புத்தகத்துக்கு உதவும். எரிமலையின் அடுத்த நாளை அது சொல்லாது.

இது நமக்குப் புதிதல்ல. 2015 டிசம்பரில் பெய்த மழையை நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்றார்கள். அப்படியானால் அடுத்தது 2115இல்தான் என்று யாரும் நிம்மதியாக இருக்க முடிந்ததா? எட்டே ஆண்டில், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலில் ஆவடியும் அம்பத்தூரும் கொரட்டூரும் மீண்டும் தண்ணீரில் நின்றன. நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்பது எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று பொருள்படும் சொல். அடுத்த நூறு ஆண்டுக்கு வராது என்ற உத்தரவாதம் அதில் இல்லை. எரிமலைக்கும் இதே கணக்குதான்.

சிறியது அடிக்கடி, பெரியது எப்போதாவது

உலகில் நிலத்தின் மேல் சீறக்கூடிய எரிமலைகள் சுமார் 1,350 உண்டு. ஓராண்டில் 50 முதல் 80 எரிமலைகள் வரை சீறுகின்றன. இந்த வரியைப் படிக்கும் நேரத்திலும் உலகில் எங்கோ சில எரிமலைகள் புகைந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே எங்கோ ஓர் எரிமலை வெடித்தது என்ற செய்தி தூறல் விழுந்தது என்ற செய்தியைப் போலத்தான். எவ்வளவு பெரியது, எவ்வளவு தொலைவு என்பதைத்தான் கேட்க வேண்டும்.

விஞ்ஞானிகள் வெடிப்பின் அளவை 0 முதல் 8 வரை படிகளாகப் பிரிக்கிறார்கள். மேல் படிகளில் ஒரு படி ஏறினால் கக்கும் பொருள் ஏறத்தாழ 10 மடங்கு கூடும். 4ஆம் படி வெடிப்பு உலகில் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்கிறது. 5ஆம் படி பத்து ஆண்டுக்கு ஒருமுறை அளவில். 6ஆம் படி நூற்றாண்டுக்கு ஒன்றோ இரண்டோ. 1883இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவாவும் 1991இல் பிலிப்பைன்சின் பினதுபோவும் இந்தப் படி. 7ஆம் படி ஆயிரம் ஆண்டுக்கு ஒன்று இரண்டு, 1815இல் தம்போரா. 8ஆம் படி பல்லாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை. இவையும் சராசரிதான், தேதி அல்ல.

பாரன் தீவில் அண்மைக் காலத்தில் நிகழ்பவை கீழ்ப்படியைச் சேர்ந்த சிறு சீற்றங்கள். அந்தத் தீவு சென்னைக்கு ஏறத்தாழ நேர் கிழக்கே, சுமார் 1,475 கி.மீ. தொலைவில் இருக்கிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் புகை மேற்கு நோக்கி நகரலாம் என்பது உண்மைதான். ஆனால் இத்தகைய சிறு சீற்றத்தில் சாம்பல் உயரமாகக் கிளம்புவதில்லை. தீவைச் சுற்றியே கடலில் விழுந்துவிடும். திருநின்றவூர் வயலுக்கு வந்து நாற்றைக் கருக்காது.

பெரிய வெடிப்பு நம் பக்கம் என்ன செய்யும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1883 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் கிரக்கத்தோவா வெடித்தது. எழுந்த கடல் அலையில் சுமத்ரா, ஜாவா கரைகளில் 36,000 பேருக்கு மேல் மாண்டனர். அங்கிருந்து சென்னை சுமார் 3,500 கி.மீ. இரண்டு வாரம் கழித்து, செப்டம்பரில், சென்னையில் சூரியன் பச்சை நிறமாகத் தெரிந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அதைக் கவனித்துப் பதிவு செய்தார். மேல்வானில் மிதந்த நுண்தூளும் வாயுவும் செய்த வேலை அது. அங்கே ஊர்களை அழித்த வெடிப்பு இங்கே சூரியனின் நிறத்தை மாற்றிக் காட்டியது. தொலைவு என்றால் இதுதான்.

கடந்த 2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவில் ஹெய்லி குப்பி என்ற எரிமலை வெடித்தது. அது 10,000 ஆண்டுகளுக்கும் மேலாகச் சீறியதாகப் பதிவே இல்லாத மலை. அதன் சாம்பல் செங்கடலையும் அரபு நாடுகளையும் தாண்டி குஜராத், ராஜஸ்தான், டெல்லி வானம் வரை வந்தது. விமானங்கள் ரத்தாயின. ஆனால் அது பல கி.மீ. உயரத்தில் கடந்து போன சாம்பல். விமான எஞ்சினுக்கு ஆபத்து. கீழே நின்ற கோதுமைக்கு அல்ல.

உழவரை எரிமலை தொலைவிலிருந்து தொடக்கூடிய வழி ஒன்று உண்டு. அது மழை. மிகப் பெரிய வெடிப்பில் கந்தக வாயு மேல்வானுக்கு ஏறி நுண்துளியாகப் படர்ந்து வெயிலைத் தடுக்கும். தம்போரா வெடித்த மறு ஆண்டு, 1816, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே இல்லாத ஆண்டாகப் போனது. இந்தியாவிலும் பருவமழை தடுமாறியது. பினதுபோ வெடித்த பின் உலகின் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி குறைந்தது. ஆனால் இதிலும் ஒரு நன்மை இருக்கிறது. வெடிப்பு முதலில் நடக்கும், வானிலை மாற்றம் மாதங்கள் கழித்து வரும். ஆகவே வானிலைத் துறை முன்கூட்டிச் சொல்ல முடியும். ஊகத்தில் நடவை நிறுத்தத் தேவையில்லை.

நாள் சொல்லாது, அறிகுறி சொல்லும்

எரிமலை எப்போது வெடிக்கும் என்று ஏன் நாள் குறிக்க முடியவில்லை? பூமிக்கு அடியில் உருகிய பாறைக் குழம்பும் அதில் கரைந்த வாயுவும் சேர்ந்து மேலேற முயலும். குழம்பு நீர்த்திருந்தால் வாயு எளிதாகப் பிரிந்துவிடும். உலையில் தண்ணீர் கொதிப்பதுபோல அமைதியாக வழியும். குழம்பு கெட்டியாக இருந்தால் வாயு சிக்கிக்கொள்ளும். கூழ் கொதிக்கும்போது தெறிக்குமே, அதுபோலப் பீறிடும். எவ்வளவு குழம்பு சேர்ந்திருக்கிறது, மேலே உள்ள பாறை எவ்வளவு தாங்கும் என்பது மலைக்கு மலை வேறு. இத்தாலியின் ஸ்திராம்போலி 2,000 ஆண்டுகளுக்கும் மேலாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிறிதாகச் சீறிக்கொண்டே இருக்கிறது. பினதுபோ சுமார் 500 ஆண்டு உறங்கிவிட்டு ஒரே நாளில் மலையின் உச்சியையே பறக்கவிட்டது.

மாடு வளர்ப்பவர்களுக்கு இதைச் சொன்னால் எளிதில் புரியும். சினை ஊசி போட்ட நாள் தெரிந்தால் சுமார் 280 நாள் என்று கணக்குப் போடலாம். அதோடு மடி விடுவதும், வாலடித் தசை தளர்வதும், மாடு தனியே ஒதுங்குவதும் அறிகுறிகள். மாட்டுக்கு நாள் கணக்கும் உண்டு, அறிகுறியும் உண்டு. எரிமலைக்கு நாள் கணக்கு இல்லை. ஆனால் அறிகுறி உண்டு. சிறுசிறு நில அதிர்வுகள் கூடும். மலையின் பக்கம் சற்று உப்பும். கந்தக வாயு அதிகமாக வெளியேறும். கருவிகளும் செயற்கைக்கோள்களும் இவற்றை அளக்கின்றன.

இந்த அறிகுறிகளைக் கேட்டதால் என்ன கிடைக்கும், கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள்.

1985இல் கொலம்பியாவில் நெவாதோ தெல் ரூயிஸ் என்ற மலை ஓராண்டாகவே அதிர்ந்தும் புகைந்தும் காட்டியது. எந்தப் பள்ளத்தாக்கில் சேறு பாயும் என்று வரைபடமும் தயாராகியிருந்தது. அதற்கேற்ப மக்களை யாரும் நகர்த்தவில்லை. நவம்பர் 13 இரவு மலை சீறியபோது உச்சியின் பனி உருகி, சேற்று வெள்ளம் அர்மேரோ என்ற ஊரை மூடியது. சுமார் 23,000 பேர் இறந்தனர். அந்தச் சீற்றம் அளவில் அப்படி ஒன்றும் பெரியதல்ல.

1991இல் பினதுபோ ஏப்ரலில் புகையத் தொடங்கியது. விஞ்ஞானிகள் முகாமிட்டு இரவு பகலாக அளந்தார்கள். அரசு பல்லாயிரம் பேரை வெளியேற்றியது. ஜூன் 15 அன்று பெருவெடிப்பு. அன்றே புயல் மழையும் சேர்ந்து, நனைந்த சாம்பலின் பாரத்தில் கூரைகள் இடிந்து பலர் இறந்தாலும், ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின. வெடிப்பின் அளவு ரூயிசைவிடப் பல மடங்கு பெரியது. இறப்போ மிகக் குறைவு. நாளை யாரும் முன்கூட்டிக் குறிக்கவில்லை. அறிகுறியைக் கேட்டு நடந்தார்கள்.

இனி மாட்டைப் பற்றி. எரிமலைச் சாம்பல் கால்நடைக்கு ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது. 1783இல் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலை எட்டு மாதம் கக்கியதில் புல்லில் படிந்த புளோரைடு நஞ்சால் அந்நாட்டின் மாடுகளில் பாதியும் ஆடுகளில் பெரும்பகுதியும் மடிந்தன. பின்னே பஞ்சம் வந்தது. ஆனால் அது எரிமலை இருக்கும் மண்ணிலேயே நடந்தது. 1,475 கி.மீ. தள்ளி, நடுவில் வங்கக்கடல் கிடக்கும் ஊரில், சிறு சீற்றத்துக்குப் பயந்து கறவை மாட்டை விற்பது சரியல்ல. அவசரத்தில் விற்கும் மாட்டுக்கு அரை விலைதான் கிடைக்கும். வாங்குகிறவர்தான் லாபம் பார்ப்பார்.

கடல் அலை பற்றிய பயத்துக்கும் பதில் சொல்லிவிடலாம். 2004 டிசம்பர் 26 சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வந்தது, எரிமலையால் அல்ல. எரிமலையாலும் சுனாமி வருவதுண்டு. 2018 டிசம்பரில் இந்தோனேசியாவில் அப்படி 400 பேருக்கு மேல் இறந்தனர். இந்தியாவுக்கான சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் ஐதராபாத்தில் இயங்குகிறது. எச்சரிக்கை வந்தால் கடற்கரை மக்கள் உடனே விலக வேண்டும். திருநின்றவூர் கடலிலிருந்து சுமார் 28 கி.மீ. உள்ளே இருக்கிறது.

கேள்வி 2: "எரிமலை உரம் மூட்டை வாங்கலாமா?"

பூந்தமல்லியை அடுத்து மல்லிகையும் கீரையும் பயிரிடும் ஒரு பெண் உழவர் கேட்டது. ஜாவாவில் எரிமலைச் சாம்பலால்தான் மண் பொன்னாக விளைகிறது என்று சொல்லி, சாம்பல் நிறத் தூளை இருவர் வீடு தேடி வந்து விற்றிருக்கிறார்கள். இரண்டு மூட்டை வாங்கிவிட்டார். ரசீது இல்லை.

ஜாவா மண் வளமானது என்பது உண்மை. ஆனால் அது நேற்று விழுந்த சாம்பலின் வளம் அல்ல. எரிமலைச் சாம்பல் என்பது நம் அடுப்புச் சாம்பலோ உமிச் சாம்பலோ போல எரிந்து மிஞ்சிய பொருள் அல்ல. அது பொடியான பாறையும் கண்ணாடித் தூளும். வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடந்து சிதைந்த பிறகுதான் அதிலுள்ள சத்து பயிருக்குக் கிடைக்கும். புதிய சாம்பலில் தழைச்சத்தும் இல்லை, அங்ககச் சத்தும் இல்லை. ஆகவே எருவுக்கு மாற்றாக அதைப் போட்டுப் பயிர் பச்சை பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நாற்றங்கால் பண்ணைகளிலும் மாடித் தோட்டத்திலும் பயன்படும் வெள்ளைப் பெர்லைட் உண்மையிலேயே எரிமலைக் கண்ணாடிதான். அதை அதிக வெப்பத்தில் சூடாக்கும்போது பொரி பொரிவதுபோல் உப்பி இலேசாகிறது. தொட்டிக் கலவையில் காற்றோட்டம் தருவதற்கு நல்லது. ஆனால் அதுவும் சத்து தராது.

எந்த மூட்டையாக இருந்தாலும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். என்ன சத்து, எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறதா? தயாரித்தவர் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கிறதா? ரசீது தருகிறார்களா? மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் வாங்கக் கூடாது. ஏற்கெனவே வாங்கிய தூளை மல்லிகைக்கு இட வேண்டாம். மூட்டையை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டி, புகாரும் எழுதிக் கொடுக்கலாம். மண் பரிசோதனை செய்ய திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் வழி கேட்கலாம். உங்கள் மண்ணுக்கு என்ன குறை என்று அந்த முடிவு சொல்லும். எரிமலை சொல்லாது.

கேள்வி 3: "மண்ணிலிருந்து புகையும் குழம்பும் வருகிறதே?"

அம்பத்தூருக்கு வடக்கே காய்கறி பயிரிடும் குடும்பத்திலிருந்து வந்த கடிதம். மழை விட்ட மறுநாள் வரப்போரத்து மின்கம்பத்தின் அடியில் மண் புகைந்து, உருகிக் கருங்கண்ணாடி போல வழிந்திருக்கிறது. குட்டி எரிமலை என்று தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று படம் பிடித்திருக்கிறார்கள். ஒரு பையன் குச்சியால் கிளறிப் பார்க்கப் போனவனைப் பாட்டி இழுத்து வந்தாராம்.

அந்தப் பாட்டி ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்.

நம் பகுதியில் எரிமலை வெடிக்க வழியில்லை. எரிமலைகள் பெரும்பாலும் புவித்தட்டுகளின் ஓரங்களில் அமைகின்றன. பாரன் தீவு இருப்பது இந்தியத் தட்டு கிழக்கே இன்னொரு தட்டின் அடியில் செருகும் இடத்தில். தமிழகமோ தட்டின் ஓரத்திலிருந்து வெகுதூரம் உள்ளே, மிகப் பழைய இறுகிய பாறை மேல் இருக்கிறது. பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகள் எரிமலை கக்கியவை அல்ல. பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. செங்குன்றத்தின் செம்மண்ணும் எரிமலை தந்தது அல்ல. இந்தியாவில் பெருமளவு எரிமலைக் குழம்பு பரவியது மகாராஷ்டிரப் பக்கம். அதுவும் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்.

அப்படியானால் மண் ஏன் உருகியது? மின்கம்பி அறுந்தோ, பீங்கான் உடைந்தோ, மின்சாரம் கம்பத்தின் வழியே ஈர மண்ணில் இறங்கினால் அந்த வெப்பத்தில் மண்ணே உருகிக் கண்ணாடியாகும். பார்ப்பதற்கு எரிமலைக் குழம்பு போலவே இருக்கும். ஆனால் இது எரிமலையைவிட நமக்கு ஆபத்தானது. ஏனென்றால் இது நம் வரப்பிலேயே இருக்கிறது, மழைக்காலம்தோறும் வரக்கூடியது.

செய்ய வேண்டியவை இவை. குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அருகில் இருக்க நேர்ந்தால் ஓடக் கூடாது, அகலக் கால் வைக்கக் கூடாது. இரு பாதமும் ஒட்டியபடி சிறுசிறு அடியாக நகர்ந்து விலக வேண்டும். மாட்டை அந்தப் பக்கம் ஓட்டவே கூடாது. முன்காலுக்கும் பின்காலுக்கும் உள்ள இடைவெளியில் மின் அழுத்தம் கூடுதலாக இருக்கும் என்பதால் மனிதர் தப்பும் இடத்திலும் மாடு விழுந்துவிடும். கம்பி வேலியையும் பம்புசெட் குழாயையும் தொடக் கூடாது. தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்கு உடனே சொல்ல வேண்டும். ஊழியர் வந்து மின்சாரத்தைத் துண்டித்ததாகச் சொல்லும் வரை யாரும் கிட்டே போகக் கூடாது.

மின்கம்பம் இல்லாத இடத்தில் மண் புகைந்தால், பழைய குப்பை மேடு அடியில் கனன்றுகொண்டிருக்கலாம். மேலே நடந்தால் கால் உள்ளே இறங்கிவிடும். அங்கே தீக்குச்சி கிழிக்கவும் கூடாது. தீயணைப்புத் துறையை அழைப்பதே சரி.

முடிவாக

மூன்று கடிதங்களும் ஒன்றைத்தான் கேட்கின்றன: எரிமலை எப்போது வரும்? நாளும் மாதமும் குறித்துச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் சொல்வது பொய். அளக்கும் விஞ்ஞானிகள் நாள் குறிப்பதில்லை. அறிகுறியைப் பார்த்து, இத்தனை நாளுக்குள் நடக்க வாய்ப்பு உண்டு என்றுதான் சொல்கிறார்கள். செல்போனில் வரும் தகவலில் தேதி இருக்கிறது, அனுப்பிய துறையின் பெயர் இல்லை என்றால், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுவதே ஊருக்குச் செய்யும் உதவி.

சந்தேகம் இருந்தால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070 ஆகிய எண்களில் கேட்கலாம். பயிர் பற்றிய கேள்விக்கு உழவர் அழைப்பு மையம் 1800 180 1551.

திருநின்றவூர் உழவருக்கு இன்னும் ஒரு வரி. இந்த இதழ் கைக்கு வரும்போது நாற்றுக்கு 20 நாள் ஆகியிருக்கும். அண்டை வயல்காரர்கள் இருவரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். மூவரும் ஒரே நாளில் ஆள் வைத்து நட்டால் கூலியும் குறையும். இரண்டு மாடுகளும் கொட்டிலிலேயே இருக்கட்டும்.